கிளைவ் குடிக்கவில்லை

அக்டோபர் வந்தால் டோரீன் டனிக்ளிஃப் ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ஸ்லத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். அவளுடைய அண்ணன் கிளைவின் கல்லைச் சுற்றி விஸ்கி பாட்டில்கள் நிற்கும். பாதி குடித்தவை, மூடி திறக்காதவை, கல்லின் மேல் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தவை. ரசிகர்களின் காணிக்கை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், வாசலில் இருக்கும் குப்பைத் தொட்டிக்குள் உடையும்படி எறிவாள்.

நானும் அவளும் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினோம். ஒரு வருடம் நானும் கூடப் போனேன். தோல் சட்டை போட்ட ஒருவர் கல்லின் மேல் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நிறுத்துய்யா. என்ன பண்றே?"

"கிளைவுக்கு ஒரு மடக்கு, கண்ணு. தாகமா இருப்பாரு."

"உயிரோட இருந்தப்ப தொடாதவனுக்குச் செத்தப்புறம் தாகமா? எடுத்துட்டு ஓடு. இல்லேன்னா உன் மண்டையில ஊத்திடுவேன்."

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

"அவன் தங்கச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியைக்கூடக் கழற்றினார். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, எப்பேர்ப்பட்ட குடிகாரர்னு!"

மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாட்டிலைப் பிடுங்கி அவர் காலடியிலேயே உடைத்தாள்.

சால்ட்கிளேஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. எங்கள் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் நான்கு பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு. டெரெக் மச்சின் பாடினான், கிளைவ் டிரம்ஸ் அடித்தான். சில வருடங்களில் அமெரிக்காவின் விளையாட்டு அரங்குகளை நிரப்பினார்கள். கிளைவ் போன பிறகு வேறொருவனை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள், சண்டை போட்டுப் பிரிந்தார்கள், தலை நரைத்ததும் மறுபடி சேர்ந்தார்கள். இன்றும் விமான நிலையக் கடைகளில் அவர்கள் பெயர் போட்ட பனியன் தொங்குகிறது.

டனிக்ளிஃப் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக்கூட மது கிடையாது. கிளைவ் குடித்ததெல்லாம் சர்க்கரை அள்ளிப் போட்ட டீதான். ஆனால் பதினைந்து வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. வந்தால் அம்மா முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடுவாள், பிறகுதான் பிள்ளையைப் பார்ப்பாள். ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்.

லீட்ஸில் ஒரு கச்சேரி நடுவே அவன் டிரம்களை உருட்டிக்கொண்டு விழுந்தான். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்து ஆர்ப்பரித்தது. போதையில் விழுந்தான் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. குழுவின் மேலாளர் லெனார்ட் பாக்னால் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார். நோயாளியை எந்த அரங்கிலும் ஏற்றமாட்டார்கள். குடிகாரனைப் பார்க்கவோ கூட்டம் முண்டியடிக்கும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து கிளைவின் பக்கத்தில் ஒரு பாட்டில் நின்றது. இசைத்தட்டு உறையிலும் அவன் கையில் ஒன்றைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அதில் இருந்தது ஆறிய டீ.

எழுபத்தெட்டு அக்டோபரில் சிகாகோவில் ஒரு ஓட்டல் குளியல் தொட்டியில் அவன் இறந்தான். வீட்டுக்குத் தகவல் வருவதற்குள் வானொலி சொல்லிவிட்டது. மீன் வறுவல் கடை வரிசையில் நின்றபடி டோரீன் அதைக் கேட்டாள். "குடிச்சே செத்தான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு ஓடினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுடி, வலிப்புன்னு தெரியறதுக்கு இதுவே மேல்" என்றாள். அம்மா இருந்தவரை டோரீன் வாயைத் திறக்கவில்லை.

முப்பதாவது நினைவு நாளுக்குச் சிலை வைக்க நகர மன்றம் முடிவு செய்தது. களிமண் மாதிரியை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஒரு கையில் டிரம்ஸ் குச்சிகள், தூக்கிய மறு கையில் பாட்டில். டெரெக் பட்டுத் துண்டு சுற்றிக்கொண்டு வந்திருந்தான். டோரீன் டிப்போ சீருடையோடு நேராக வந்தாள்.

"குடும்பத்துக்குப் பெருமையா இருக்கும்" என்றார் மன்ற உறுப்பினரான ஒரு பெண்மணி.

டோரீன் மேடையேறி அந்தப் பாட்டில் கையை முழங்கையோடு முறித்தாள்.

"டெரெக், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"டோரீன், இங்க வேணாம்மா."

"வேற எங்க? கல்லறையிலயா? எங்கண்ணன் ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவனுக்கு வலிப்பு. தொட்டியில துடிச்சப்ப சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டிருக்கு. ஒருத்தன் கதவைத் தட்டல. குடிச்சிட்டு உருளறான்னு நெனச்சுட்டாங்க. உங்க பொய்தான்டா அவனைக் கொன்னுச்சு!"

டெரெக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"பாக்னால் ஆரம்பிச்சாரு, நெசம். நிறுத்திடலாம்னு நான் சொன்னேன். கிளைவ் என் சட்டையைப் புடிச்சான். 'நோயாளின்னு தெரிஞ்சா என்னை டிரம்ஸ் பக்கமே விடமாட்டாங்கடா, குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்'னான்."

இது அவளுக்குப் புதிது. ஒரு கணம் தடுமாறினாள். பிறகு குரல் இன்னும் உயர்ந்தது.

"அவனுக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. பயந்தான். செத்தப்புறம் அவனுக்கு என்னடா பயம்? மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினியே, அதையும் அவனா சொல்லச் சொன்னான்?"

மறுவாரம் டெரெக் உள்ளூர் வானொலியில் எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில் இல்லாமல் சிலை வந்தது. கல்லறையில் பாட்டில்களும் குறைந்தன. ஆனால் ரசிகர்களில் ஒரு கூட்டம் இணையத்தில் டோரீனைத் திட்டித் தீர்த்தது, கிளைவின் பெயரைக் கெடுத்துவிட்டாளாம். டிப்போ கேன்டீனில் நான் அதைக் காட்டியபோது அவள் தின்றுகொண்டிருந்த ஓட்ஸ் மாவு ஓட்கேக்கைத் தட்டிலேயே எறிந்தாள்.

"பாத்தியா? வலிப்புக்காரன் வேணாமாம். குடிகாரன்தான் வேணுமாம். நாசமாப் போகட்டும்."

சிலை திறந்த அன்று அவள் போகவில்லை. சாயங்காலம் டெரெக் வீடு தேடி வந்தான். நான் அவள் அடுப்படியில் இருந்தேன்.

"உள்ள வரலாமா?"

"வேணாம். அங்கயே நின்னு சொல்லு."

"மன்னிச்சிடு, டோரீன்."

"எங்கம்மா இருந்தப்ப வந்து சொல்லியிருக்கணும்" என்று கதவைச் சாத்தினாள்.

கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

"முட்டாப்பய" என்றாள். கிளைவைத்தான் சொன்னாள். "குடிகாரனாவே இருக்கப் போறேன்னு என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். நான் அந்த ஓட்டல் ரூம் வாசல்லயே உக்காந்திருப்பேனே."