ஒரு பிடி பதர்

காதுக்குக் கேட்காத ஒலியால் ஒரு சின்னப் பொருளைக் காற்றில் நிறுத்திவைக்கலாம். தஞ்சாவூரில் முனைவர் பட்டத்துக்காக நான் நான்கு வருடம் மல்லுக்கட்டியது இதோடுதான். கார் பின்னால் வரும்போது கீ கீ என்று கத்துமே, அதிலிருக்கும் சென்சார்களை வாங்கி, மேலும் கீழும் எதிரெதிராகப் பொருத்தி நானே கட்டிய கருவி. இரண்டு பக்கத்து ஒலியும் சந்திக்கிற இடத்தில் தெர்மோகோல் உருண்டை அந்தரத்தில் நிற்கும். ஒலியைக் கொஞ்சம் மாற்றினால் ஏறும், இறங்கும். கனமாக எதை வைத்தாலும் விழுந்துவிடும்.

என் வழிகாட்டிக்குத் தெர்மோகோல் சலித்துவிட்டது. வேறு ஏதாவது காட்டச் சொன்னார். எங்கள் வயல் பொருளையே மிதக்கவிடுகிறேன் என்று நானும் ஆய்வுக் குழுவிடம் வாய்விட்டுவிட்டேன். கீழ்வேளூர்ப் பக்கம் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு போன் செய்து, தூற்றிக் கழித்த, உள்ளே அரிசியில்லாத பதர் ஒரு பிடி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன்.

குழு முன் செய்துகாட்ட வேண்டிய ஆய்வு நாள் காலையில் பொட்டலம் வந்தது. பிரித்தால், விதைக்கு வைத்திருந்த நெல். வேறு வழியில்லாமல் அதையே வைத்தேன். ஒரு மணிகூட நிற்கவில்லை. மாசியில் மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனில் அப்பாவிடம் கத்தினேன்.

"பொண்ணுக்குப் பதரையா குடுத்து விடுவாங்க? நல்லதுக்கில்லம்மா அது" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுமே புரியாதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அந்த வருடம் சம்பா பூக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பகலும் இரவுமாக விடவில்லை. வாய்க்கால் நிரம்பிக் கிடந்ததால் வயல் தண்ணீர் வடியவும் வழியில்லை. மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் வரும் எங்கள் பத்து மா பயிரை நம்பித்தான் அப்பாவுக்கு வருடம் முழுவதும் பிழைப்பு. அதனாலோ என்னவோ, போனில் கேட்கும்போதெல்லாம் பயிர் பச்சையாகத்தான் இருக்கிறது என்றார். நானும் என் கருவியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மாசியில் ஆய்வுக்கு முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். கையில் பாதி நிரம்பிய உரச்சாக்கு. எடையே இல்லாதது போல இரண்டு விரலில் தூக்கிவந்திருந்தார்.

"இந்தாம்மா. நீ கேட்டது."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருவியைப் போட்டு ஒரு பதரை எடுத்து வைத்தேன். அழகாக நின்றது. மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன், சொன்னபடி கேட்டது. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வயல்லயும் இப்படித்தான் நின்னுச்சு. ஒரு கதிரும் மணி பிடிச்சுத் தலை சாயல. இன்னும் ரெண்டு நாள்ல சாஞ்சிடும்னு தெனமும் போய்ப் பாத்தேன்."

சென்சார்கள் சூடேறிக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் குழுவினர் பாராட்டினார்கள். இவ்வளவு நல்ல பதர் எங்கே கிடைத்தது என்று ஒருவர் கேட்டார். அப்பா கொடுத்தார் என்றேன்.