கங்காணி மீசையோடு ஒரு கல்யாண போட்டோ

பூச்சி உருண்டை வாசம்தான் முதலில் ஞாபகம் வருகிறது...

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணியின் கறுப்புக் கோட்டிலிருந்து வந்த வாசம் அது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப என்னைப் போட்டோ எடுத்த அன்று, அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு அவரும் வந்து நின்றார்.

நேற்று நம்முடைய இந்த ஃபிலிம் கேமரா குழுவில் ஒரு தம்பி, ஒரு பெண்ணையும் மரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக எடுத்துப் போட்டிருந்தார். டபுள் எக்ஸ்போஷராம். வேண்டுமென்றே எடுத்ததாம். ஆளாளுக்கு ஹார்ட் வேறு போட்டிருந்தீர்கள். நல்லா இருங்கள்! எங்கள் ஊரில் யாரும் கேட்காமலே அது நடந்தது. என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

எழுபதுகள். இலங்கை மலையகத்தில் பூனாகலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை.

பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை நான் மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். பிடித்துவிட்டது. இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? மாதாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கறாரான ஆள். முதலில் போட்டோ வரட்டும், பிடித்தால் வந்து பார்க்கிறோம், இல்லாவிட்டால் பசறையில் ஒரு பெண் இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்தப் பசறைப் பெண்ணை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் சூசை ஐயாவிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. அப்போது ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவருடைய ரோலில் இரண்டு படத்துக்குத்தான் மிச்சம். எனக்கு ஒன்று தருவதாகச் சொன்னார்.

பெண் போட்டோ என்றால் சும்மா நிற்க முடியாது அந்தக் காலத்தில். டீச்சரம்மாவின் கைக்கடிகாரம், பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து பிளாஸ்டிக் பூ, சித்தியின் சேலை... எல்லாம் இரவல். கை வைத்த நாற்காலி மட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பக்கம் பெரிய கங்காணி வீட்டில்தான் இருந்தது. கேட்டு அனுப்பினோம். நாற்காலியோடு அவரும் வந்தார். கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, பஞ்சு மாதிரி வெள்ளை மீசை.

சூசை ஐயா கேமராவை முக்காலி மேல் வைத்து, மூச்சு விடாதே என்றார். விடவில்லை. க்ளிக்.

நான் எழுந்தேனோ இல்லையோ, கங்காணி அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒன்னு மிச்சம் இருக்குல்ல? நாக்காலி யாரோடது?"

கங்காணியைக் காக்க வைக்க யாரால் முடியும்? பெட்டிக் கேமராவில் ஒரு படம் எடுத்தால் குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். பதற்றத்தில் சூசை ஐயா அதை மறந்துபோனார். பிறகு பார்த்தால் ஒரு படம் மிச்சம் இருந்ததாம். ஆண்டவர் கொடுத்தது என்று தன் நாயைப் படம் பிடித்தார். நாய் அருமையாக விழுந்திருந்தது.

சம்பந்தம் கொண்டுவந்தவர் ஹமீது நானா. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தவர். பதுளையில் ஃபிலிமைக் கழுவி வாங்கும் பொறுப்பும் அவருக்குத்தான். இரண்டு பிரதி. ஒன்றை உறையோடு மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு, மற்றதை எங்களிடம் கொண்டுவந்தார்.

"நான் பிரிச்சே பாக்கலீங்க. வயசுப் புள்ள போட்டோவ நான் பாக்குறது முறையில்ல" என்றார் பெருமையாக.

அம்மா உறையைப் பிரித்தார். "மாதாவே" என்று உட்கார்ந்துவிட்டார்.

என் சேலை. என் பின்னல். அதில் மல்லிகை. என் முகத்தில் கங்காணியின் வெள்ளை மீசை! தலைக்கு மேலே தலைப்பாகை வேறு. கடிகாரம் கட்டிய என் கை, கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டு தடவையும் அசையாமல் இருந்தது நாற்காலி ஒன்றுதான். அது பளிச்சென்று இருந்தது.

கங்காணியும் வந்து வெகுநேரம் பார்த்தார். நாற்காலி நல்லா விழுந்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை. அந்த மாப்பிள்ளையை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து நின்றார்கள்.

அந்த அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை. மேல் உதட்டையே பார்த்தார். புகை மண்டிய எங்கள் வீட்டுக் காம்பராவில் சரியாகத் தெரியவில்லை போல, வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொன்னார். நான் தேத்தண்ணித் தட்டோடு போய் நின்றேன்.

மாப்பிள்ளைதான் தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"மீசை இல்லம்மா. பேசி முடிச்சிடுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன், அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகும் எப்படி வந்தீர்கள் என்று.

"போட்டோ ஒழுங்கா வந்திருந்தா அம்மா மட்டும்தான் வந்திருப்பாங்க. நான் அந்த மீசையப் பாக்கத்தான் வந்தேன்."

இப்போது மகள் ஒரு காப்பிக் கோப்பையை நாற்பது படம் எடுத்து, முப்பத்தொன்பதை அழிக்கிறாள். போன மாதம் இந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரே நிமிடத்தில் மீசையை எடுத்துவிடலாம் அம்மா என்றாள். அந்த மீசை இல்லாவிட்டால் நீயே இல்லையடி, வை கீழே என்றேன். என் வீட்டுக்காரரும் போய்விட்டார்... மீசையாவது இருக்கட்டும்.

எங்களிடம் இருந்த மற்றப் பிரதி? கங்காணி குடும்பம் இந்தியாவுக்கு, திருச்சிப் பக்கம் போகும்போது அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கோட்டோடு எடுத்த படம் அவருக்கு அது ஒன்றுதானாம்.

ஆகையால், திருச்சிப் பக்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் வீட்டுச் சுவரிலாவது தலைப்பாகையும் வெள்ளை மீசையுமாக, பின்னலில் பூ வைத்த ஒரு பெரியவர் மாலைக்கு நடுவே இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

அதில் பாதி நான். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.