டன்ரோவின் பத்து டாலர்

மாவட்ட வணிகக் கையேட்டில் ஓரின் ட்வெட்டைப் பற்றி இப்படி இருக்கிறது: ‘பழைய பணத்தாள் முதலீட்டு ஆலோசகர். இன்முகச் சேவை.’ முகம் இருப்பது உண்மை. ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “கைய எடுங்க.”

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சிற்றூர் வங்கிகள் தம் பெயரிலேயே நோட்டு வெளியிட்ட காலத்துத் தாள்கள் அவருடைய தொழில். முதலில் முகர்வார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஊர்ப்பெயர், வங்கி எண், காசாளர் மையால் போட்ட கையெழுத்து என்று பார்ப்பார். பெருநகரத்து நோட்டென்றால் கொட்டாவி விடுவார். ஊர் எவ்வளவு சிறிதோ, மதிப்பு அவ்வளவு பெரிது. மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லுபடியாகி அவர் பார்த்ததில்லை.

எந்த ஊர் நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று மாநிலம் முழுவதற்குமான பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. அவர் பிறந்த டன்ரோவுக்கு எதிரே முப்பது வருடமாக ‘ஒன்று’. அந்த ஒன்று அவருடையது. டன்ரோவில் இன்று வங்கி இல்லை, பள்ளி இல்லை; தானியக் கிடங்கும் ஓரினும் உண்டு.

“சாப்பிடுறப்ப அதுக்கும் ஒரு தட்டு வைக்கிறியா?” என்று கேட்பார், பழைய நோட்டுக் கண்காட்சிகளில் பக்கத்து மேசை போடும் டுவேன்.

போன மார்ச்சில் லூதரன் தேவாலயத்தின் கீழறையில் கண்காட்சி. லவான் கிரோத் என்ற அம்மாள் ஒரு பாட்டுப்புத்தகத்தைத் திறந்து நீட்டினார். உள்ளே டன்ரோ பத்து டாலர். ஓரின் முகர்ந்தார். கஞ்சி வாசனை.

“இஸ்திரி போட்டீங்களா?”

“பின்னே, நாலு பேர் முன்னாடி கசங்கினதையா கொண்டு வர்றது?”

“பாதி விலைய நீவித் தள்ளிட்டீங்க.”

“பத்துல பாதியா? சரி, அஞ்சு குடுங்க. அப்பாவுக்கு அந்த ஊரு. அங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களா?”

“நான் இருக்கேன்.”

டுவேன் அவர் காதருகே குனிந்தார். “அஞ்சக் குடுத்து வாங்கி உள்ள வையி. ரெண்டாவது இருக்குன்னு வெளிய தெரிஞ்சா உன்னோடது பாதிக்கு இறங்கிரும்.”

ஓரின் தன் தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே காசாளர். கையெழுத்தின் கடைசி எழுத்தில் அதே இழுப்பு. காபி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எனக்கு விக்காதீங்க,” என்றார். ஓர் ஏலக்காரரின் விலாசத்தையும், கீழே ‘நாலாயிரம் டாலருக்குக் குறையாமல்’ என்றும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். லவான் அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு ஓரின் பதிவேட்டைத் திறந்து, டன்ரோவுக்கு எதிரே இருந்த ‘ஒன்று’ என்பதை அடித்துவிட்டு ‘இரண்டு’ என்று எழுதினார்.