சேர்ந்த பிறகு வந்த சண்டை

தகரத்தில் செய்த அந்த ஒலிக்குழாயின் விளிம்பு உதட்டில் பட்டுப்பட்டு வாயெல்லாம் துருச் சுவை அடிக்கும். நாகர்கோவில் கொட்டகை ஒன்றில் இங்கிலீஷ் படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்வது என் வேலை. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் இங்கிலீஷ், இன்டர்மீடியட்டில் என்னைத் தோற்கடித்த இங்கிலீஷ். ஆனாலும் கூட்டம் என்னை நம்பியது.

அந்த வாரம் வந்தது, பல வருடம் பிரிந்திருந்த புகழ்பெற்ற நடன ஜோடி மறுபடி சேர்ந்து நடித்த படம். கதையிலும் புருஷன் பெண்டாட்டிதான். அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்று அவன் பீற்ற, அவள் கோபித்துக்கொண்டு போகிறாள். என் அக்கா புதுக்கடை ஊரிலிருந்து பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததும் இதனால்தான். அத்தானின் பலகாரக் கடை அவள் கைப்பக்குவத்தில் ஓடியது. முந்திரிக்கொத்தைப் புகழ்ந்த ஒருவரிடம் அத்தான், "எல்லாம் நான் பழக்கிவிட்டதாக்கும்" என்றிருக்கிறார். பிறகு பலமுறை வந்து கூப்பிட்டும் அக்கா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை ஞாயிறு மாட்டினிக்கு வரவழைத்தேன். கடைசியில் ஜோடி சேரும்போது உருக்கமாக நாலு வார்த்தை பேசினால் அக்கா இளகிவிடுவாள் என்று நினைப்பு. இருப்புக் கொள்ளவில்லை. பெண்கள் பகுதியைப் பிரிக்கும் குட்டைச்சுவரையும் அத்தானின் வழுக்கையையும் மாறிமாறிப் பார்த்ததில், கதாநாயகியை "அக்கா" என்றே சொல்லிவிட்டேன்.

ஜோடி சேர்ந்து ஆடியது. நானும் உருகினேன். கூட்டம் எழுந்தது. அப்போதுதான் ஆபரேட்டர், அதற்கு முன்பே ஓட்டியிருக்க வேண்டிய சுருளை ஓட்டினார். திரையில் அவள் மறுபடி கோபித்துக் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஏலே, இப்பதானே சேந்தாவ?" என்றது தரை டிக்கெட்.

"இது... சேர்ந்து வீட்டுக்குப் போன பிறகு போடுகிற சண்டை" என்று உளறினேன்.

குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்: "பின்ன, போடாமலா இருப்பாவ?" பெண்கள் சிரித்தார்கள்.

அத்தான் எழுந்தார். பிணங்கிய புருஷனும் பெண்டாட்டியும் மூன்றாம் ஆள் வழியாகத்தான் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மக்கா, அவ இனியும் பெட்டியத் தூக்கிட்டுப் போவாளான்னு கேளு."

"அவரு வாய வச்சிட்டுச் சும்மா இருந்தா போவமாட்டேன்னு சொல்லுலே."

"அது கஷ்டமாக்கும். ஆனா இத்தனை பேரு முன்ன சொல்லுதேன், முந்திரிக்கொத்துக்குப் பாகு பதம் எனக்கு இன்னைக்கும் தெரியாது."

எல்லாவற்றையும் நான் குழாயில் எடுத்துச் சொன்னேன். அந்த வேலையில் நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

சாயங்கால பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். அது கிளம்புவதற்குள், ஜன்னலோரம் யாருக்கு என்று நேருக்கு நேரே சண்டை தொடங்கிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.