மோந்து காட்டுகிறவள்

ஆபரேஷன் மேசையில் பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது. இந்துஜா மயக்க மாஸ்க்கைத் தன் மூக்கில் வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஹா, ஸ்ட்ராபெரி! மக்கா மோந்து பாக்கியா?"

பிள்ளை பார்த்தது. அவள் இன்னொரு முறை இழுத்துக் காட்டினாள். பிறகு மாஸ்க் அதன் முகத்துக்குப் போனது. கொஞ்சம் திமிறல், கண் செருகல். மயக்க டாக்டர் குமாரதாஸ் தலையாட்டினார்.

மார்த்தாண்டத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், பள்ளி விடுமுறை வந்தால் டான்சில் ஆபரேஷனுக்குப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் இந்துஜாவுக்கு ஊர் அருமனை. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த வருஷமே இந்த வித்தையைக் கண்டுபிடித்தாள். அதுவரை ஆள்சேர்ந்து பிள்ளைகளை அமுக்கிப் பிடிப்பார்கள். அவள் மாஸ்க்கின் உள்விளிம்பில் கேக் எசென்ஸ் தடவி, தானே முதலில் மோந்து காட்டினாள். டாக்டர் கைதட்டினார். மயக்க வாயுவைத் திறந்துவைத்த பிறகுதான் மோந்து காட்டுவது. மூடித் திறக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மயக்க மெஷினின் மிச்ச வாயு போகும் குழாய் முன்பு ஜன்னலுக்கு வெளியே கிடந்தது. ஏசி மாற்றியபோது ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். இப்போது குழாயின் வாய், மேசையின் தலைமாட்டில் இந்துஜா உட்காரும் முக்காலிக்குப் பின்னால், தரையில். மத்தியானம் எல்லோருக்கும் தலை வலிக்கும். பிள்ளை மயங்கியதும் குமாரதாஸ் வாசல்பக்கம் போய் நின்றுகொள்வார்.

அவளுக்கு இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியதும் மேட்ரன் நேசபாயிடம் போனாள்.

"மேடம், இந்தப் பிரசவம் வரைக்கும் என்னைய வார்டுல போடுங்க."

"என்னத்துக்கு?"

"அந்தக் காத்து வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு பறயாவ."

"ஆரு பறஞ்சா? நான் மூணு பெத்தேன். மூணும் இந்தத் தியேட்டர்ல நின்னு பெத்ததாக்கும். ஒனக்க உடம்பு கொள்ளாது. அதுக்குக் காத்தக் குத்தம் சொல்லுதியா?"

"அந்தக் குழாயயாவது வெளிய..."

"மகாராணிக்கு வேண்டி புதுக் கண்ணாடிய ஒடைக்கணுமாக்கும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஆதிரா சிரித்தாள். மேட்ரன் அவள்பக்கம் திரும்பினாள். "ஏட்டி, சிரிக்கிய இல்லா? நீ இருக்கியா முக்காலில?"

ஆதிராவின் சிரிப்பு நின்றது. "எனக்குக் கல்யாணம் உறப்பிச்சிருக்கு மேடம்."

"கண்டியா, அவளுக்கும் மாட்டாதாம்," என்றாள் நேசபாய். "போ, பிள்ளையளு காத்துக் கிடக்கு."

அன்று இந்துஜா மோந்து காட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை நேராக ஒரு பையனின் முகத்தில் வைத்தாள். அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான். டிரிப் ஸ்டாண்டு சரிந்தது.

"என்ன இது புதுசா?" என்றார் குமாரதாஸ்.

"சார், எனக்கு வயித்துல உண்டு."

"மேட்ரன் சொன்னா. ஒரு இழுப்புல ஒண்ணும் ஆவாது, மோந்து காட்டு."

"ஒரு இழுப்பா சார்? எத்தன பிள்ளையளு!"

"நீ கண்டுபிடிச்ச வேலையாக்கும். நீ இல்லாம பிள்ளையளு அடங்காதுன்னு ஆக்கிவச்சது ஆரு?"

சர்ஜன் முகமூடிக்குள் சிரித்தார். பையன் நீலம் பாரித்து அழுதுகொண்டிருந்தான். அவளைத் தவிர அங்கே வேறு யாரையும் அவன் பார்க்கவில்லை. அவள் மாஸ்க்கை மூக்கில் வைத்து இழுத்தாள். அவன் கை தளர்ந்தது.

விடுமுறை முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இழுத்தாள். ஒரு மத்தியானம் கழிப்பறையில் ரத்தம் கண்டது. ஸ்கேனில் துடிப்பு இல்லை.

நேசபாய் ஸ்கேன் அறை வாசலில் வந்து நின்றாள். "நான் அப்பமே சொன்னேன்லா, ஒனக்க உடம்பு கொள்ளாதுன்னு." கையிலிருந்த லிஸ்டைப் பார்த்து, "நாளைக்கு ஒன்ன முதல்ல எடுத்திருவோம். பொறவு பிள்ளையளு உண்டு," என்றாள்.

மறுநாள் காலையில் இந்துஜாவை முதலில் எடுத்தார்கள். குமாரதாஸ் ஊசியில் மயக்கம் கொடுத்தார். கருப்பையைச் சுத்தம் செய்து முடித்து மேசையைத் துடைத்தார்கள். பிறகு டான்சில் பிள்ளைகள் வந்தார்கள். ஆதிரா முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் பிள்ளையை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த பிள்ளைக்கு அவள் மோந்து காட்டினாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. சாயந்திரம் இந்துஜாவின் புருஷன் ரதீஷ் பைக்கில் வந்தான். பைக் வேண்டாம் என்று வாட்ச்மேன் சொன்னதால் ஆட்டோ பிடித்தார்கள். அருமனை வரை மழை பெய்தது.