ஓடாவி கட்டிய பின்பெட்டி

அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோனது. அது உடம்பு வருத்தம், யாருக்கும் வரக்கூடியது. எங்களுக்கு விளங்காமல் இருந்தது அவருடைய இடது பக்கம்தான். பெரியாஸ்பத்திரி டொக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: "இடது கையில ஒரு பிழையும் இல்லை. அவராத்தான் அதைத் தூக்க வேணும். நாங்கள் தூக்கிவிட்டுப் பிரயோசனம் இல்லை."

அவர் தூக்கவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாகியும் தூக்கவில்லை. சோற்றைக் குழைத்து வாயில் வைத்தால் விழுங்குவார். கதிரையில் இருத்தினால் இருப்பார். ஈ வந்து மூக்கில் குந்தினால் அதுவும் இருக்கும். தானாக ஒரு காரியம், சின்னக் காரியமாவது, செய்தார் என்று இல்லை. அண்ணி காலையில் கதிரைக்கு முன்னால் குந்தியிருந்து கேட்பார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் அந்தக் கையைத் தூக்குங்கோ. எனக்காக வேண்டாம். ஈ கலைக்கவாவது தூக்குங்கோ."

பிறகு தானே ஈயைக் கலைத்துவிட்டுக் குசினிக்குள் போவார்.

நான் அப்போது அன்புவழிபுரத்தில் அவர்களோடுதான் இருந்தேன். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு, அது இங்கே தேவையில்லை. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் டொக்யாட்டில் இரும்பு ஒட்டுகிற வேலைக்காரனுக்கு எடுபிடியாக நின்றவன் நான். இரும்பு எப்படி வளையும், எங்கே முறியும் என்பது அங்கே பழகியது. வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு கப்பலில் கோதுமை மா மூட்டை இறக்கினேன். நான் இதைச் சொல்லும் காலத்தில் கப்பல் வருவதும் குறைந்துபோயிருந்தது. ஜனங்கள் பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம் அது. எனக்கு வேலை இல்லாத நாட்கள்தான் கூட.

அண்ணன் ஓட்டிய பிக்கப் மீன் முதலாளியின் ஐஸ் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் கரைவலை இழுத்து முடிய, மீனை ஐஸ் போட்டு டவுனுக்குக் கொண்டுவருகிற பிக்கப். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழசு. வேறு யாரும் அதை ஓட்ட அண்ணன் விட்டதில்லை. அவர் விழுந்த பிறகு அது அப்படியே நின்று, உப்புக்காற்றில் கறள் பிடித்து, எஞ்சின் மூடிக்குள்ளால் எருக்கலை முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. எனக்குத் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன்.

"கொண்டு போ. உள்ளுக்குப் பாம்பு கிடக்கும், பாத்துக் கையை வை," என்றார்.

உழவு மெசினில் கட்டி இழுத்து வந்து வீட்டு வேப்பமரத்துக்குக் கீழ் விட்டோம். பாம்பு இருக்கவில்லை. இருக்கைக்குக் கீழே மீன் செதில்தான் கிடந்தது, காய்ந்து, கண்ணாடித் தூள் மாதிரி.

அயலில் கேட்டவர்களுக்குப் பொழுது போவதற்கு என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அண்ணிக்கும் எனக்கும் தெரியும். தெருவில் இரண்டு வளைவுக்கு அப்பால் போகும் வாகனத்தின் எஞ்சினைக் கேட்டு, அதில் என்ன பிழை என்று சொல்லுகிற மனிசன் அவர். தன்னுடைய பிக்கப்பின் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பாமலா விடுவார்?

"திருப்புவார் என்ன தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"திருப்புவார் அண்ணி."

கறள் சுரண்டவே மாசக்கணக்கு ஆனது. மண்ணெண்ணெயைப் பூசி, ஊறவிட்டு, உடைந்த அரிவாள் துண்டால் சுரண்டுவேன். சுரண்டும்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. அண்ணனைப் பற்றியும் நினைக்கவில்லை. கொட்டும், கூட்டி அள்ளுவேன், திரும்பக் கொட்டும். அவர் கதிரையில் இருப்பார், நான் பிக்கப்பின் மட்காட்டுக்குக் கீழே படுத்திருப்பேன். சில நாட்களில் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு வருத்தம் என்று பார்க்கிற ஆளுக்குத் தெரியாது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் என்பதால் கடையில் ஒரு ஆணி வாங்கவும் நாலு இடம் அலைய வேண்டும். பழைய லொறிகளில் கழற்றியும், தகரத்தை வெட்டியும், அட்டையை எண்ணெயில் ஊறவைத்தும் எஞ்சினைப் பூட்டினேன்.

பின்பெட்டிதான் உதவாமல் போயிற்று. கையை வைத்தால் உதிர்ந்தது. தகடு கிடைக்கவில்லை, பலகையால்தான் கட்ட வேண்டும். என்னோடு மூட்டை இறக்கிய கிண்ணியாக்காரர் ஒருவர் தன்னுடைய மச்சானைக் கூட்டி வந்தார். வள்ளம் கட்டுகிற ஓடாவி. என்னிலும் வயது கூடியவர், அதனால் அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் காக்கா என்று கூப்பிட்டேன். வாயில் எப்போதும் வெற்றிலை. வள்ளத்துக்கென்று அறுத்து வைத்திருந்த பலகையைத் தோணியில் ஏற்றித் துறை தாண்டிக் கொண்டுவந்தார். இழைத்துப் பொருத்திய பிறகும் விடாமல், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றினார்.

"காக்கா, இது மீன் ஏத்துற பெட்டி. கனக்க மினக்கெடாதேங்கோ."

"சந்து உட்டுக் கட்டி எனக்குப் பழக்கமில்ல தம்பி. ராவைக்கு நித்திரை வராது."

எஞ்சின் பிடித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். அண்ணியிடம் சொல்லிக் கதிரையை பிக்கப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். அண்ணி அவருக்கு வெளுத்த சாரம் கட்டி, தலை வாரி இழுத்துவிட்டிருந்தார். கைபிடியைப் போட்டுச் சுற்றச் சுற்ற இருமியது, பிறகு பிடித்தது. புகையில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. நான் பிக்கப்பைப் பார்த்தேன். அண்ணி அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"கேக்குதே உங்களுக்கு? உங்கட பிக்கப்."

அவர் முதலில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதையேதான் பார்த்தார். வேலியை. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிப்பாட்டுங்கோ தம்பி, எண்ணெய் வீண்," என்றார். நிறுத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மண்ணெண்ணெயில் கையைக் கழுவிவிட்டு, அண்ணி அன்றைக்கென்று பொங்கியிருந்த பால்புக்கையைச் சாப்பிட்டேன். இனிப்புச் சரியாக இருந்தது.

பிறகு நான் பிக்கப்பைத் தொடவில்லை. மாரி வந்தது. மழை விட்டு எட்டிப் பார்த்தால் பின்பெட்டி விளிம்பு வரைக்கும் தண்ணீர். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாரத்தில் பின்சில்லு சேற்றுக்குள் இறங்கியிருந்தது. கிண்ணியாவுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினேன்; துளை போடுகிற சாமானோடு ஓடாவி வந்தார். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"காக்கா, நான் உங்களிட்டைக் கேட்டது பிக்கப்போ வள்ளமோ?"

"தண்ணி உள்ளுக்கு வராமக் கட்டுறதுதான் நான் படிச்ச தொழில். உள்ளுக்கு வந்த தண்ணி வெளிய போகவும் வேணும் எண்டு எனக்கு ஆரு சொல்லித் தந்த?"

அண்ணி சிரித்தார். அவர் ஏற்கெனவே அந்தப் பெட்டித் தண்ணீரில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கிணறு உவர், சவர்க்காரம் நுரைக்காது. மழைத்தண்ணீரில் நுரை பொங்கியது. வெயில் ஏறித் தண்ணீர் இளஞ்சூடாகவும் இருந்தது. கையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று கேட்டார்.

"துளை போட முந்தி இவரை ஒருக்கால் இதுக்குள்ள குளிக்க வார்ப்பமே?"

அண்ணன் விழுந்த நாளிலிருந்து ஒழுங்காகக் குளித்ததில்லை. கிணற்றடியில் ஒருமுறை எங்கள் பிடியிலிருந்து வழுக்கிவிட்டார். அதற்குப் பிறகு ஈரத்துணியால் துடைப்பதுதான். ஓடாவியும் நானும் உடுப்பை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை வாளியால் இறைத்தோம். கதிரையோடு அவரைத் தூக்கி வந்து, கதிரையை விட்டு அவரை மட்டும் பெட்டிக்குள் இறக்கினோம். அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே ஏறி, பின்னால் இருந்து தன் நெஞ்சில் அவரைச் சாய்த்துக்கொண்டார். தண்ணீர் அவருடைய கழுத்தைத் தொட்டது.

அப்போது அவருடைய வலது கை மெல்ல மேலே வந்தது.

"தம்பி," என்றார் அண்ணி. "பாருங்கோ. கை எழும்புது."

ஓடாவி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிடிப்பு இல்லாத எதையும் தண்ணீர் தூக்கும். வள்ளம் கட்டுகிற ஆளுக்கு அதை ஒருவர் சொல்லவேண்டியதில்லை, எனக்கும் சொல்லவேண்டியதில்லை. அண்ணியிடம் நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, வாய்க்குள் கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அண்ணிக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது, எப்போது விளங்கப்படுத்துவது என்பதுதான் யோசனை.

அதற்குள் தண்ணீருக்கு அடியால் அண்ணனுடைய மற்றக் கை வந்தது. அவசரம் இல்லாமல் வந்து, மிதந்த கையின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அமத்தியது. விட்டது. வலது கை திரும்ப மேலே வந்தது. அது திரும்ப அமத்தியது. தக்கையை அமத்தி விளையாடுகிற மாதிரியும் இருந்தது, இந்தச் சனியன் ஏன் சும்மா கிடக்கமாட்டன் என்கிறது என்று எரிச்சல்படுகிற மாதிரியும் இருந்தது. அவருடைய முகத்தில் அதை வாசிக்க முடியவில்லை.

"ஏன் அமத்துறீங்கள்?" என்றார் அண்ணி. "அது பாவம் எழும்பட்டும். விடுங்கோ."

அவர் அமத்தினார்.

"விடுங்கோ எண்டுறன். கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒண்டு சொன்னால் கேக்கிற பழக்கம் இருக்கே உங்களுக்கு? பிடிச்சால் பிடிச்ச பிடிதான்."

ஒரு வருசத்துக்கு மேலாக அண்ணி அவரோடு இப்படிக் கதைத்ததில்லை. கெஞ்சியிருக்கிறார், அவ்வளவுதான். ஓடாவி துளை போடுகிற சாமானைச் சாக்கில் சுற்றிக் கட்டத் தொடங்கினார். அண்ணி இன்னும் இரண்டு வசனம் ஏசினார். ஏசிக்கொண்டிருக்கும்போதே, எந்தக் கை அமத்துகிறது என்று குனிந்து பார்த்தார்.