மேசை மாற்றும் மத்தியானம்

அம்மாவின் பெயரைச் சுவரில் ஒட்டிவிட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வல்லம் வடகாலில் கார்களுக்கு ஏ.சி. பெட்டி செய்யும் கம்பெனி அது. அங்கே பயிற்சி அறைக்கு ‘மெர்சி அரங்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மா இறந்து இரண்டாவது மாதம். திறப்பு நாளன்று வகுப்பையும் நானே எடுக்க வேண்டும் என்றார்கள். நான் தொழிற்சாலை அச்சுகளை வரையும் டூல் டிசைனர். அம்மாவின் பாடம் எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

அம்மா என்ன வேலை பார்த்தாள் என்பது எங்கள் ஊர் பென்னலூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சர்ச்சில் யாராவது கேட்டால், “இஞ்சினீயருங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்” என்பாள். பொய் இல்லை. ஒரு பொருளை வரையும்போதே அதைச் செய்ய என்ன ஆகும், பூட்ட என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. ஒரு பாகத்தைக் கை எடுக்கிறது, திருப்புகிறது, துளையைத் தேடுகிறது, நுழைக்கிறது, முடுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் விநாடி உண்டு. விநாடிக்குக் காசு உண்டு. பாகம் குறைந்தால் காசு குறையும்.

எந்தப் பாகத்தைக் குறைப்பது? அதற்கு மூன்று கேள்விகள். இது பக்கத்துப் பாகத்தோடு சேராமல் தனியாக அசைய வேண்டுமா? வேறு பொருளில்தான் செய்ய வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பொருத்தவே முடியாதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்துவிடலாம். பெரும்பாலும் முதலில் போவது ஸ்க்ரூதான். ஒரகடம் கம்பெனிகளில் அம்மாவுக்கு ‘ஸ்க்ரூ மேடம்’ என்று பெயர். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு மே மாதம் எங்கள் பழைய காரில் காற்று வருவது நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் பாபுவின் ஷெட்டுக்கு எடுத்துப் போனோம். பாபு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தான். கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தன. உள்ளே மோட்டாரை மூடியிருந்த மூடியில் முந்தைய மாடல்களில் ஸ்க்ரூ இருந்தது. இந்த மாடலில் பிளாஸ்டிக் கொக்கிகள். அதே வல்லம் வடகால் கம்பெனியின் பெட்டி. கம்பெனியில் பூட்டும் லைனில் ஒரே அழுத்து, வேலை முடிந்தது. அதன் படத்தை அம்மா தன் வகுப்பில் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இத்த எவன் மேடம் பண்ணான்? மூட தெரிஞ்சவனுக்கு தொறக்க தெர்ல” என்றான் பாபு உள்ளேயிருந்து.

“நான்தான்.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. தலை வெளியே வந்தது. “சும்மா சொல்லாதீங்க.”

“நான் சொல்லிக் குடுத்த பசங்க பண்ணது.”

“உங்க புள்ளைங்களா? அப்ப வாங்க, நீங்களே கூப்டுங்க. உங்க பேச்சுக்குனா வெளிய வரும்.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்துவிட்டாள். பாபு டார்ச் பிடித்தான். ஒரு கொக்கி முறிந்தது. அடுத்ததும் முறிந்தது.

“மெதுவா மேடம். அதுவும் பூட்ச்சினா முழு பெட்டியும் மாத்தணும். தனி மூடி அவங்க விக்கறதில்ல.”

டக்.

“பூட்ச்சி” என்றான் பாபு.

அம்மா நகம் பிய்ந்து ரத்தத்தோடு எழுந்தாள். பென்னலூர் திருப்பம் வரை விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அங்கே சொன்னாள்: “செலவு கொறையலடா இனியா. ரோட்டத் தாண்டி அந்தாண்ட போயிருக்கு. நாங்க கை தட்டிக்கினு இருந்திருக்கோம்.”

அடுத்த வகுப்பிலிருந்து மத்தியானம் மாறியது. காலையில் வழக்கம்போல ஒவ்வொரு மேசையும் ஒரு பொருளை எடுத்து, பாகங்களைக் குறைத்து, வேகமாகப் பூட்டிக் காட்டும். கை தட்டுவார்கள். சாப்பிட்டு வந்து கண் சொருகும் நேரத்தில் அம்மா, “மேசை மாத்துங்க” என்பாள். ஒவ்வொரு குழுவும் பக்கத்து மேசைக்குப் போய், அவர்கள் பூட்டியதை உடைக்காமல் கழற்ற வேண்டும். கழற்ற ஆன விநாடியும் உடைந்த துண்டும் கழற்றுபவர்களின் தாளில் ஏறும், பூட்டியவர்களின் தாளில் அல்ல.

அதற்குப் பிறகு எவனும் தூங்க மாட்டான்.

“டேய், இன்னாடா இப்டி பண்ணி வச்சிகிற? கம் போட்டு ஒட்டிட்டியா?”

“காலைல நீதான ஃபர்ஸ்டு? வந்து கழட்டுடா பாக்கலாம்.”

“மேடம், தப்பு அவனுங்களுது. எங்க தாள்ல ஏன் எழுதணும்?”

“பாபுவோட தப்பும் இல்லியே” என்பாள் அம்மா.

பாபு யார் என்று யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவும் மாட்டாள்.

இந்த மத்தியானம் வல்லம் வடகால் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. செலவுப் பிரிவுக்குத் தலைவர் கோதண்டராமன். அம்மாவின் முதல் பேட்ச் மாணவர். மரியாதை தெரிந்தவர். அவர் ஒருநாள் நேராகவே கேட்டார்.

“மேடம், பெட்டி கேட்டைத் தாண்டிட்டா நம்ம கணக்கு முடிஞ்சுது. சர்வீஸ் நம்ம ஷீட்ல வராது. மத்தியானத்தை விட்டுடலாமே? அரை நாள் மிச்சம்.”

“கேட்டுக்கு வெளியதான் சார் நான் குடியிருக்கேன்” என்றாள் அம்மா. “அரை நாள் வேணும்னா காலைய எடுத்துக்குங்க. மத்தியானத்த விட மாட்டேன்.”

கணையத்தில் புற்று என்று தெரிந்த பிறகும் போனாள். கடைசி வகுப்புக்கு நான்தான் கூட்டிப் போனேன். தலையில் ஸ்கார்ஃப். மதியம் தயிர்சாதம் உள்ளே நிற்கவில்லை. கோதண்டராமன் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு அருகே காத்திருந்தார். “முடிச்சுக்கலாம் மேடம், ரெஸ்ட் எடுங்க” என்றார். அம்மாவுக்குக் குரல் எழவில்லை. விரலைச் சுழற்றிக் காட்டினாள். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தன. சாயங்காலம் வரை அவர் சான்றிதழ்களோடு நின்றார்.

இனி அந்தத் திறப்பு நாள்.

பயிற்சிப் பிரிவின் சுகப்பிரியா எனக்கு நிகழ்ச்சி நிரலைக் காட்டினாள். காலை வகுப்பு இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சான்றிதழ், குரூப் போட்டோ, பஸ்.

“மேசை மாத்தறது எங்கே?”

“அது... எடுத்துட்டாங்க சார். போன மாசமே.”

போன மாதம். அம்மாவின் கல்லறையில் மண்கூட இறுகியிருக்கவில்லை.

கோதண்டராமன் என்னைச் சுவருக்கு அழைத்துப் போனார். நீல அக்ரிலிக் பலகை. வெள்ளை எழுத்து. அம்மாவின் பெயர்.

“ஒரு ஸ்க்ரூ இல்ல தம்பி. ஒரு துளை இல்ல. பசை மட்டும்தான். ஒரே அழுத்து. அம்மா பாத்திருந்தா முழு மார்க் போட்டிருப்பாங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“சார், மத்தியானத்தை எடுத்துட்டீங்களா?”

“அம்மா இருந்த வரைக்கும் நான் தொடலையே தம்பி. அவங்களுக்காகத் தாங்கினேன். இனிமே யாருக்காக?”

காலை வகுப்பை ஒழுங்காக எடுத்தேன். மூன்று கேள்விகள். விநாடிக் கணக்கு. கை தட்டல். சாப்பாடு. திரும்பி வந்தபோது மேடையில் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன.

“முதல் மேசை எழுந்து வாங்க” என்றேன். “அந்தப் பலகையைக் கழட்டணும். உடையக் கூடாது.”

யாரும் அசையவில்லை. வசந்தகுமார் என்ற பையன் மட்டும் மெல்லச் சொன்னான். “சார், அது மேடம் பேரு.”

“என் அம்மா பேருதான். கழட்டுங்க.”

முதலில் ஸ்கேலை நுழைத்துப் பார்த்தார்கள். பிறகு பிளேடு. ஒருவன் லைனுக்கு ஓடிப் போய் சூட்டுக் காற்று அடிக்கும் ஹீட் கன் கொண்டுவந்தான். “ஏய், எழுத்து உருகுதுடா.” “தள்ளு, நீ காலைலயே சரியில்ல.” “கீழ பிட்ச்சிக்கோ, கீழ.” கோதண்டராமன் வாசலில் நின்றிருந்தார். தடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

பலகை வந்தது. அதோடு சுவரில் பூசிய பட்டியும் சிமெண்டும் பெரிய அப்பளம்போல உரிந்து வந்தன. மூலையில் விரிசல். சுவரில் செங்கல் தெரிந்தது.

வசந்தகுமார் தாளை எடுத்தான். “சார், இந்தச் சுவரு எந்த மேசைக் கணக்குல வரும்?”

“சாரைக் கேளுங்க” என்றேன், வாசலைக் காட்டி.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். கோதண்டராமன் சுவரைப் பார்த்தார்.

“மேசை மாத்துங்க” என்றேன்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் தயாராக இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் ஹாரன் அடித்துக் காத்திருந்தது. குரூப் போட்டோ எடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் கோதண்டராமன் அருகில் வந்தார்.

“அடுத்த பேட்ச்சுக்கு வேற ஆள் பாத்துக்கறோம் தம்பி.”

“பாருங்க சார். மத்தியானம் எடுக்கற ஆளாப் பாருங்க.”

“பலகையைக் குடுத்துட்டுப் போங்க. புதுசா ஒட்டிக்கறோம்.”

“தர மாட்டேன்.”

பலகை என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கத்துச் சிமெண்டை நான் சுரண்டவில்லை. நான்கு மூலையிலும் துளை போட்டு, நான்கு ஸ்க்ரூ வாங்கி வைத்திருக்கிறேன். பலகையைக் கேட்டு சுகப்பிரியா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மத்தியானத்தைத் திருப்பி வையுங்கள். அன்றைக்கு ஸ்க்ரூடிரைவரோடு நானே வந்து மாட்டித் தருகிறேன். அதுவரை அந்த அறைக்கு என் அம்மாவின் பெயர் கிடையாது.